ஜெபசீலன் உருட்டிய பகடை

ஜெபசீலனைப் போல ஓர் அழுத்தக்கார மனுஷனை நான் பார்த்ததில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் கணக்கு வாத்தியார். 1964இல் தாம்பரம் பக்கம் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டில். மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவனுக்குப் பொழுது போக வேண்டாமா? அவர் ஒரு நாட்டையே உண்டாக்கிவிட்டார்.

இருட்டூர் என்று பெயர். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்திருந்தார். சூரியன் உதிக்காத ஊர், மலைக்குள் ராட்சசப் பாம்பு, எலும்பு தின்னும் மந்திரவாதி. நாங்கள் ஆளுக்கொரு வீரன். என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை லூடோ பகடை சொல்லும். ஆறு விழுந்தால் ஜெயம், ஒன்று விழுந்தால் சாவு.

"எப்படி சார் இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"ஊர் பிரமாதம். விதிதான் உதைக்குது. ஒரு பாம்பை வெட்ட மூணு பெருக்கல் கணக்கா? அதோட, சாப்பாட்டுத் தட்டை மறைப்பா வெச்சுக்கிட்டு நீங்களே உருட்டி நீங்களே சொல்றீங்க. இது என்ன நியாயம்?"

"கதை பாதியில செத்துடக் கூடாதே சார்" என்றார்.

எதிர்க் கட்டில் குப்புராஜுக்கு அது விளையாட்டே இல்லை. பெரும்பாக்கத்தில் எருமை வாங்குவதென்றால்கூட அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற ஆள். ஆஸ்பத்திரியில் கோயிலுக்கு எங்கே போவார்? பகடையைப் பிடித்துக்கொண்டார். நுரையீரலில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன அன்று நேராக ஜெபசீலனிடம் வந்தார்.

"வாத்யாரே, என் வீரனுக்கு நெஞ்சைக் கீறி வைத்தியம் பண்றாப்பல ஆடு. அவன் பொயச்சுக்கினா நான் கையெழுத்துப் போடறேன். இல்லாங்காட்டி வூட்டுக்குப் போறேன்."

ஜெபசீலன் எவ்வளவோ மறுத்தார். குப்புராஜ் கேட்கவில்லை. கடைசியில் தட்டுக்குப் பின்னால் பகடை உருண்டது. என் கட்டிலிலிருந்து நன்றாகவே தெரிந்தது. ஒன்று.

"ஆறு!" என்றார் ஜெபசீலன்.

குப்புராஜ் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா பொய் சொன்னீங்க?"

"ஆபரேஷன் இல்லைன்னா வருஷம் தாண்டாதுன்னு டாக்டர் சொன்னாரு சார். நான் வேற என்ன பண்றது?"

குப்புராஜ் ஆபரேஷன் மேஜையிலேயே போய்ச் சேர்ந்தார். பாவி மனுஷன், பயமே இல்லாமல் போனார்.

ஜெபசீலன் பிழைத்தார். மறுபடி பள்ளிக்கூடம் போனார், கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பெண்களைப் பெற்றார். அந்தக் குழந்தைகள் கெஞ்சியும் ஒரு நாள்கூடப் பரமபதம் ஆட உட்கார்ந்ததில்லை. குப்புராஜின் துணிமணியை வாங்கிப் போக அவர் மனைவி கிளியம்மாள் வந்த நாளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் காரணம் கேட்டதில்லை.

அன்று அவள் நேரே ஜெபசீலன் கட்டிலருகே வந்து நின்றாள்.

"நீ உருட்டிச் சொன்னேன்னுதான் அண்ணா அவரு தைரியமா போனாரு. நெசமாவே ஆறு வுழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

"அப்பறம் ஏண்ணா செத்துப்பூட்டாரு?"

ஜெபசீலன் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. அவள் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.