கற்பூரத்தின் முன் சொல்லாத பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே சில வருஷங்கள் போய்விட்டன. பேனாவை எடுக்கும்போதெல்லாம், அந்தத் தெருவில் இன்னும் அதே ஆட்கள்தானே குடியிருக்கிறார்கள் என்ற நினைப்பு வரும். மூடி வைத்துவிடுவேன். இப்போது ரிட்டையர் ஆகிவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வழியில் பார்த்தால், "புகார் குடுத்தவங்க பேரு வெளிய போவாம எப்படி சார் வேலை பாக்கறது?" என்று கேட்கிறார்கள். அங்காளம்மா தாயை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிக் கோட்டை மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு ஊர். அங்கே உள்ளாட்சி ஆபீசில் சானிட்டரி மேஸ்திரியாக இருந்தேன். குப்பை, சாக்கடை, ரோட்டை அடைத்துக் கட்டின படி, இதெல்லாம் என் பொறுப்பு.

1. வாசலில் நின்ற ஜீப்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு புகாருக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். கழிவுத் தண்ணீரை ஒருவர் ரோட்டில் விடுகிறார் என்று பக்கத்து வீட்டிலிருந்து பெட்டிஷன். ஜீப் நேராகப் பெட்டிஷன் கொடுத்தவர் வாசலில் போய் நின்றது. எங்கள் ஆபீசர் இறங்கினதும் சத்தமாக, "யாருங்க இங்க பெட்டிஷன் குடுத்தது? வந்து இடத்தைக் காட்டுங்க!" என்றார். தெருவே எட்டிப் பார்த்தது. தண்ணீர் விட்டவரும் பார்த்தார்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. அதுதான் அன்றைய வழக்கம். அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டோடு யாரும் பேசவில்லை. பொங்கலுக்குள் அவர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். ரோடு சுத்தமாகிவிட்டது. அதில் நடக்கத்தான் அவர்கள் இல்லை.

எந்த வாசலில் ஜீப் நிற்கிறதோ அந்த வீட்டை நாமே காட்டிக் கொடுக்கிறோம் என்று அன்றைக்கு மனசில் விழுந்தது.

2. அவங்க

பல வருஷம் கழித்து நடந்தது இது. இனி வருகிறவரை 'அவங்க' என்றே எழுதுவேன். ஆணா பெண்ணா, என்ன வயசு என்று அதில் தெரியாது. நம் பாஷையில் அந்த வசதி இருக்கிறது. வீட்டு விவரமும் ஒன்றிரண்டு மாற்றியிருக்கிறேன். அவங்க பயத்தை மட்டும் மாற்றவில்லை.

அவங்க ஆபீசுக்கு வரவில்லை. பக்கத்து ஊரான வல்லத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பாமலே பேசினாங்க.

"மேஸ்திரி, எங்க தெருவுல சாக்கடை மேல ஒருத்தர் ஸ்லாப் போட்டு செவுரு வச்சிட்டாரு. மழை பேஞ்சா தண்ணி எங்க வூட்டுக்குள்ள வருது. படுத்த படுக்கையா ஒரு ஆளு இருக்குது. கட்டிலுக்கு அடியில செங்கல் வச்சு ஒசத்திக்கினே இருக்கறோம்."

"எழுதிக் குடுங்க."

"எழுதுனா பேரு வந்துடும். அப்புறம் அந்தத் தெருவுல நாங்க இருக்க முடியாது. மொட்டைக் கடுதாசி போடட்டுமா?"

"அதை எடுக்க மாட்டாங்க. நீங்க எழுதவே வேணாம். நானே வந்து பாத்து, பாத்ததை எழுதறேன். உங்க பேரு என்னைத் தாண்டாது."

சொல்லிவிட்டேன். பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

மறுநாள் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினாங்க. ஸ்லாப் நன்றாகத் தெரிந்தது. ஓரத்தில் ஜன்னல் கம்பியும் தெரிந்தது. எந்த வீட்டு ஜன்னல் என்று அந்தத் தெருக்காரர் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நானும் அழித்தேன், அவங்களையும் அழிக்கச் சொன்னேன்.

3. தெரு முழுக்க நோட்டீஸ்

பார்த்ததாக எழுதுவது பொய்யாகிவிடக் கூடாதே என்று முதலில் அந்தத் தெருவை நானே நடந்து பார்த்தேன். பிறகுதான் ரிப்போர்ட் எழுதினேன். ஆபீசர், "இன்னாயா, புகார் குடுத்த ஆளை ஸ்பாட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

"எழுத்துல புகார் எதுவும் இல்ல சார். ரவுண்ட்ஸ்ல கண்ணால பாத்தது."

"அப்ப தெரு முழுக்க அளந்துடு. ஒருத்தரை மட்டும் புடிச்சா கேள்வி வரும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தெருவின் மறுகோடியிலிருந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தோம். சாக்கடை மேல் யார் யார் படி கட்டினார்களோ, சாய்தளம் போட்டார்களோ, எல்லாருக்கும் நோட்டீஸ். அவங்க வீட்டுப் படியும் சாக்கடை மேல்தான் இருந்தது. அதை விட்டால் விட்ட வீடு எது என்று தெரிந்துவிடும். எழுதினேன்.

பாதித் தெரு சண்டைக்கு வந்தது. அவங்களும் வந்தாங்க. "எங்க வூட்டுப் படி இன்னா பண்ணுது உன்னை? கண்ணு தெரியலையா?" என்று ஒரே சத்தம். அது நடிப்பா, நிஜக் கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் ஸ்லாப்காரர் ஏமாறவில்லை. "என் ஸ்லாபைத் தூக்கத்தான் இந்தக் கூத்து. எவனோ போட்டுக் குடுத்திருக்கறான்" என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் எதிர்ப்பக்கம் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் மேல் சந்தேகம் விழுந்தது. வண்டியைத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டினார். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு பேரை மறைக்கப் போய் ஒரு பிழைப்பையே தெருவில் நிறுத்திவிட்டேனோ என்று நடந்துகொண்டே இருப்பேன். என் வீட்டுக்காரி, "இன்னாத்துக்கு இப்படி அலையறீங்க? எங்கிட்ட கூட சொல்லக் கூடாதா?" என்பாள். கூடாது என்று சொல்லவும் பயம். அதிலிருந்தே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடுமே.

4. அமாவாசை

மேல்மலையனூர் அங்காளம்மா கோவிலுக்கு நான் அமாவாசை தவறாமல் போகிறவன். ஸ்லாப்காரரும் அப்படித்தான். அந்த மாசம் காலையிலேயே கற்பூரம் ஏற்றுகிற இடத்தில் அவர் என் தோளைத் தொட்டார்.

"இன்னா மேஸ்திரி, சாப்டியா?"

"இன்னும் இல்லண்ணே. தரிசனம் முடியட்டும்."

"நல்லதாப் போச்சு. வெறும் வயித்தோட இருக்கற. பொய் வராது." கையிலிருந்த கற்பூரத்தைக் கல்மேல் வைத்துப் பற்றவைத்தார். "நீ சாமி பயம் உள்ளவன். இஸ்திரிக்காரன் போட்டுக் குடுக்கலன்னு இதை அணைச்சு சத்தியம் பண்ணு. அவனை வுட்டுடறேன்."

சுற்றிக் கூட்டம். கற்பூரம் கொழுந்துவிட்டு எரிகிறது. ஆமாம், அவர்தான் என்றால் ஒரு குடும்பம் போச்சு. இல்லை என்றால், அடுத்த வீடா என்று கேட்பார். அதற்கும் இல்லை என்றால் அதற்கடுத்த வீடு. இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனால், எந்த வீட்டில் என் வாய் நிற்கிறதோ அந்த வீடுதான். சாமி முன்னால் பொய்யும் சொல்ல முடியாது. நிஜமும் சொல்லக் கூடாது.

"இன்னாபா யோசிக்கற? கற்பூரம் கரையுது."

தாயே என்று கூப்பிட்டேன். சத்தமாகவே சொன்னேன்: "எங்கிட்ட யாராவது வந்து புகார் சொன்னாலும் சரி, சொல்லலைன்னாலும் சரி, ஆமான்னோ இல்லைன்னோ எந்தப் பேருக்கும் என் உயிர் இருக்கறவரைக்கும் பதில் சொல்ல மாட்டேன். இது அங்காளம்மா மேல சத்தியம்." உள்ளங்கையால் அறைந்து கற்பூரத்தை அணைத்தேன். சுரீர் என்றது.

ஸ்லாப்காரர் திகைத்துவிட்டார். "நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு சத்தியம் பண்ற?"

பக்கத்தில் எலுமிச்சம்பழத்தோடு நின்ற ஒரு அம்மா சிரித்துவிட்டார். "சத்தியம் பண்ணுன்னு நீதானய்யா கேட்ட? பண்ணிட்டாரு. இனிமே அவர் வாயைக் கிளறுனா அந்தப் பாவம் உனக்குத்தான்."

அவர் முகம் கறுத்தது. அவரும் சாமி பயம் உள்ளவர்தான்.

"ரிப்போர்ட்ல இருக்கறது என் கையெழுத்துண்ணே" என்றேன். "கோபம்னா எம்மேல படுங்க. மழைக்கு முன்னாடி ஸ்லாபை மட்டும் எடுத்துடுங்க."

அவர் கூட்டத்தில் நுழைந்து போய்விட்டார். இஸ்திரி வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் அவரே ஆள் வைத்து ஸ்லாபை உடைத்தார். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவங்களும் என்னிடம் பேசுவதில்லை. படிக்குக் கொடுத்த நோட்டீஸ் கோபமா, ஜாக்கிரதையா, தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இஸ்திரிக்காரர் சொன்னாரா இல்லையா என்று உங்களுக்கும் நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சத்தியம் சத்தியம்தான்.

வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாயை மூடினால் மட்டும் பேரைக் காப்பாற்ற முடியாது. எந்த வாசலில் நிற்கிறீர்கள், எந்த வீட்டை விடுகிறீர்கள், எந்தப் பேருக்கு இல்லை என்கிறீர்கள், எல்லாமே பேசும். குற்றத்தை நீங்களே போய்ப் பாருங்கள், உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள், வருகிற கோபத்தை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதினபடியே சொல்லுங்கள். கேட்கிறவர்கள், "எந்த ஊரு, யாரு அது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கதை ருசிக்கட்டும் என்று ஊகத்தில் ஒரு பேரைச் சேர்த்துவிடாதீர்கள். எந்தப் பேரைச் சேர்த்தாலும் அந்தப் பேருக்கு ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டுக்குள் ஆள் இருப்பார்கள்.