சாவியை விட்ட பிறகும்

ரப்பர் விலை விழுந்த வருஷம் மலாயாவில், லாபிஸ் ரயில் நிலையத்தில் தந்திக்காரனாயிருந்த என் சீட்டைக் கிழித்தார்கள். மிஞ்சியது ஒரே வழிதான். சிங்கப்பூரில் கம்பியில்லாத் தந்தி வேலைக்கு ஒரு சோதனை வைத்தார்கள். அதில் தேறாவிட்டால் நானும் மனைவியும் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற வேண்டும். அங்கே எங்களுக்கு ஒண்ட ஒரு கூரைகூடக் கிடையாது.

ரயில் தந்தி 'கட்டுக் கட' என்று தட்டும். பன்னிரண்டு வருஷம் அதிலேயே ஊறிய காது இது. கம்பியில்லாத் தந்தியோ விசில் மாதிரி கூவும்; குட்டையாகக் கூவினால் புள்ளி, நீட்டிக் கூவினால் கோடு. பழகிப்பார்க்க வீட்டிலேயே அந்தக் கூவலை உண்டாக்க வேண்டியிருந்தது. பழைய ரேடியோப் புத்தகம் ஒன்றில் அதைச் சைன் அலை என்று போட்டிருந்தது. பிசிறில்லாமல் ஒரே சீராக ஒலிக்கும் ஓசை. அதற்கான கருவியைக் கடையில் வாங்க நான் என்ன துரையா? பழுதான ரேடியோவிலிருந்து வால்வையும் சுருளையும் கழற்றினேன். சிகரெட் டப்பாவின் ஈயத் தாளையும் மெழுகுத் தாளையும் சேர்த்துச் சுருட்டிக் கண்டென்சர் செய்தேன். எல்லாவற்றையும் ஒரு பலகையில் அறைந்து, பேட்டரி கோத்து, ஹெட்போனை மாட்டி, தந்தி தட்டும் சாவியை அழுத்தினேன். கூவியது! எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

சாவியை விட்டேன். கூவல் நிற்கவில்லை. மெலிதாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

ஈரத்தில் மின்சாரம் கசிகிறதென்று பலகையை வெயிலில் போட்டேன். சுருளை மூன்று தரம் பிரித்துச் சுற்றினேன். சனியன் பிடித்த சர்க்யூட் என்று திட்டாத நாளில்லை. சோதனைக்கு நான்கே நாள் இருந்தபோது, ஒரு மத்தியானம், மனைவி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு சாவியைத் தட்டிப் பார்த்தாள்.

"அழுத்துனா கேக்குது, விட்டா நின்னுடுது. நல்லாத்தானேங்க இருக்கு?"

"செவிடா நீ? விட்டப்புறமும் கூவுதே!"

அவள் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "இப்ப?"

"இப்பவும் கேக்குது."

ஹெட்போன் அவள் தலையில்தான் இருந்தது.

இந்தப் பலகையைத் தொடுவதற்கு முன் நான் மலேரியாக் காய்ச்சலில் கிடந்த ஆறு வாரமும் அவள்தான் எனக்குக் கொயினா மருந்தைக் கரைத்துக் கொடுத்தாள். கொயினா மிஞ்சினால் காது கூவும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கையில் ஒரு சர்க்யூட் இருக்கும்போது எந்த மடையன் தன் காதைச் சந்தேகப்படுவான்?

"நீங்க சீக்கிரம் எழுந்திரிக்கணும்னு ரெண்டு வேளைய சேத்துச் சேத்துக் குடுத்தேனே, பாவி நான்," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சோதனைக்குப் போனேன். ஹெட்போனை மாட்டியதும் கூவலுக்குள் புள்ளியும் கோடும் கேட்பது போலிருந்தது. மளமளவென்று எழுத ஆரம்பித்தேன். அரைப் பக்கம் போனதும் சோதனை வைத்த துரை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அவர் இன்னும் சாவியைத் தொடவேயில்லையாம்.