காப்புக் கட்டிய கையோடு ஓடினேன்

சுதந்திரம் வந்த வருஷம், அது வருவதற்கு முன்னால் உள்ள சித்திரையில், என் வலது கால் முழங்காலில் மடங்கி நின்றுவிட்டது. நீட்ட வரவில்லை. முழங்காலுக்குப் பின்னால் தேங்காய் மூடியளவு வீக்கம். தொட்டால் நெருப்பு. காய்ச்சல் விடவே இல்லை. மாட்டு வண்டியில் போட்டு அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "உயிருக்கு ஒன்றும் இல்லை. கால் இனி இப்படித்தான் இருக்கும்" என்றார். நான் ஓட்டக்காரன். கால் போன பிறகு இருக்கிற உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வண்டியில் திரும்பி வரும்போது குப்புறப் படுத்து அழுதேன்.

இன்று அதே காலால் உங்களிடம் நடந்து வந்து இதைச் சொல்கிறேன். மாரியாத்தா கொடுத்த கால் இது. எப்படிக் கொடுத்தாள் என்பதை ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் காத்தமுத்து. ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. தாய் தகப்பன் இல்லை. அக்கா பேச்சிதான் வளர்த்தாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு ஓர் இடத்தில் நிலையாக இருந்ததில்லை. பரளச்சிப் பக்கம் மிளகாய் பறித்தேன். விருதுநகரில் பருத்தி மூட்டை தூக்கினேன். தூத்துக்குடி உப்பளம்வரை போனேன். எல்லாம் நடைதான். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி பஸ் ஓடியது. மேடு வந்தால் அது மூச்சு வாங்கி நின்றுவிடும். நான் அதைத் தாண்டி ஓடுவேன். உள்ளே இருப்பவர்கள் தலையை நீட்டிக் கைதட்டுவார்கள். எனக்கு ஓட்டம் அப்படித்தான் வந்தது.

சண்டை நின்ற மறு வருஷம், பங்குனிப் பொங்கலுக்கு அருப்புக்கோட்டை நெசவாளர் தெரு வாலிபர்கள் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அங்கே கொட்டு அடித்ததும் கிளம்பித் திருச்சுழி தேரடியில் போய் முடிக்க வேண்டும். கப்பி ரோடு. வெறுங்கால். பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் சிவப்புச் சாயம் கலக்கிய தொட்டி இருக்கும். ஓடுகிறவன் வலது கையை மணிக்கட்டுவரை அதில் முக்கி எடுக்க வேண்டும். சந்து பொந்தில் குறுக்கே விழுந்து வருகிறவனைப் பிடிக்க நெசவுக்காரர்கள் செய்த ஏற்பாடு. சாயம் அவர்கள் கையில் இருக்கிற சரக்கு.

அதே வாரம்தான் எங்கள் ஊர் மாரியம்மனுக்கும் பொங்கல். தீச்சட்டி எடுக்கிறவர்களுக்கு மஞ்சள் நூலில் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. எனக்கும் கட்டியிருந்தது. பந்தயம் பற்றிக் கேள்விப்பட்டேன். விடிகாலையில் எல்லையைத் தாண்டிப் போய்விட்டேன். காப்புக் கட்டிய கையைச் சாயத்தில் முக்கி, இரண்டாவதாக வந்தேன். பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பித் தீச்சட்டியும் எடுத்தேன். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் அதை மறக்கவில்லை.

மறு வருஷம் மாசியில் என் முழங்காலுக்குக் கீழே ஒரு கொப்புளம் கிளம்பியது. எரிச்சல் தாங்காமல், ஊரே குடிக்கிற ஊருணித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். கொப்புளம் உடைந்தது. வெள்ளை நூல் மாதிரி ஒன்று தலையை நீட்டியது. நரம்புச் சிலந்தி. அது கால் நீளத்துக்கு உள்ளே ஓடும் புழு. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சமாக, அது விடுகிற அளவுக்குத்தான் எடுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் மிச்சம் உள்ளேயே கிடந்து அழுகும்.

நான் குச்சியைக் காலில் கட்டிக்கொண்டு பொறுமையாகத்தான் இருந்தேன். பங்குனி வந்தது. காப்புக் கட்ட நாள் குறித்தார்கள். பூசாரி கருப்பணன் வீட்டுக்கு வந்தார். எனக்கு மாமா முறை.

"புழு தொங்குற காலோட கோயிலுக்குள்ள வரப்பிடாதுடா. தீட்டு."

"அப்ப இந்த வருசம் எனக்குக் காப்பு வேண்டாம் மாமா."

"வேண்டாம்னா விட்ருவாளா? போன வருசம் காப்போட எல்லையத் தாண்டி ஓடுனேல்ல? அதுக்கு ஆத்தா மாட்டுன வெலங்குடா இது. ஊரு ஊராத் திரியுற காலு. கட்டிப் போட்டுட்டா."

அந்த மாசி, பங்குனியில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் காலில் குச்சி தொங்கியது. பூசாரி வீட்டு மருமகளுக்கே இரண்டு காலிலும் இருந்தது. நான் கேட்டேன்:

"உங்க மருமக எந்த எல்லையத் தாண்டுனா மாமா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமா துண்டை உதறிக்கொண்டு போனார்.

ஆனால் அவர் சொன்னது அக்காள் புருஷன் சுப்பையா மச்சானைப் பிடித்துக்கொண்டது. என்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். காப்புக் கட்டுவதற்குள் புழுவை வெளியே எடுத்துவிட்டால் ஊர் வாயை அடைக்கலாம் என்று நினைத்தார். நான் தூங்குகிற மத்தியானத்தில் வந்து, நல்லெண்ணெய் தடவி, குச்சியைப் பிடித்து வேகமாகச் சுற்றினார். அறுந்துவிட்டது. நான் அலறி எழுந்தபோது மச்சான் கையில் பாதிப் புழுவை வைத்துக்கொண்டு பேயறைந்தவர் மாதிரி நின்றார். அவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு நினைவும் இல்லை. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் முதலில் சொன்ன வீக்கமும், மடங்கிய காலும், டாக்டரும்.

வண்டி திரும்பி வந்ததும் பூசாரி மாமா மறுபடி வந்தார். இந்தத் தடவை கோபம் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"காத்தமுத்து, சொல்றதக் கேளு. இனிமே ஓட மாட்டேன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணு. மண்ணுல ஒரு கால் உரு செஞ்சு வையி. ஓட்டத்த அவகிட்டக் குடுத்துட்டா, கால நீட்டிக் குடுப்பா."

அக்காவும் அழுதாள். "நடந்தாப் போதும்டா தம்பி. ஓட என்னத்துக்கு? யாரு தொரத்துறா ஒன்னய?"

நான் மாட்டேன் என்றேன். எல்லாரும் போன பிறகு, வேப்பமரத்தடிக் கட்டிலில் கிடந்தபடியே கோயிலைப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் ஓட்டுக் கூரையும் வெள்ளைச் சுவரும் தெரியும். வாய்விட்டே பேசினேன்.

"ஆத்தா, ஓட்டத்தக் கேக்காத. அத நான் குடுக்க மாட்டேன். நீ குடுத்ததத்தான் ஓடுனேன். திருப்பி வாங்குறவளா நீ? என் கால எனக்குக் குடு. அருப்புக்கோட்டையில காப்புக் கட்டி, ஒன் வாசல் வரைக்கும் நிக்காம ஓடியாறேன். முடியாதுன்னா இங்கேயே என்ன முடிச்சிரு. நொண்டிக்கிட்டு ஒன்னயக் கும்பிட எனக்குத் தெரியாது."

இப்படிக் கும்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் கும்பிட்டேன். அவ்வளவுதான்.

மறுநாள் உச்சிப் பொழுதில் வீக்கம் தானாக உடைந்தது. கத்தி படவில்லை. சீழோடு மிச்சப் புழுவும் துண்டு துண்டாக வெளியே வந்தது. அக்கா குலவை போட்டாள். மச்சான் வாசலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். காய்ச்சல் அன்றைக்கே விட்டது. ஆனால் புண் ஆறிய பிறகும் கால் நீளவில்லை. "உசுரு பொழச்சியே, அதே பெருசு" என்றார்கள். கேட்டதில் பாதியை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் இல்லை. பருத்தி வண்டியில் தொற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனேன்.

அங்கே ராமக்கா என்று ஒரு நெசவுக்கார அம்மாள். வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்திருப்பார். பாவு வேலை முழுவதும் ராமக்கா பொறுப்பு. வீட்டுக்குள் தெலுங்கில் திட்டுவார், எங்களைத் தமிழில் திட்டுவார். பாவு என்பது சேலைக்கு நீளவாட்டில் ஓடும் நூல். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, குச்சம் என்கிற ஆள் நீளப் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் ஆட்கள் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். கஞ்சி காய்வதற்குள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும். பாவே பாழ். முன்பு சில மாதம் அவரிடம் அந்த வேலை செய்திருக்கிறேன்.

என் காலைப் பார்த்தார். "ஏப்பா, கொக்கு மாதிரி நிக்கிற. இந்தக் கால வச்சுக்கிட்டு எம் பாவுல வந்து நிப்பியா?"

"நிக்க வரலக்கா. நடக்க வந்திருக்கேன்."

"எதுத்தாப்புல இருக்குறவன் ஒனக்காக நிக்க மாட்டான், தெரியும்ல?"

"நிக்க வேண்டாம்."

முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நுனிக்காலில் குதித்துக் குதித்துப் போனேன். குச்சத்தின் மறு முனையைப் பிடித்தவன் இழுத்துக்கொண்டே போனான். கண்ணீர் கஞ்சியில் விழுந்தது. "உப்புக் கஞ்சி போடாதப்பா, நூலு இத்துப் போகும்" என்று ராமக்கா கத்தினார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. தினம் விடிந்தால் அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். ஆடியில் குதிங்கால் தரையைத் தொட்டது. ஐப்பசி மழைக்குப் பாவு போடாமல் இருந்த நாட்களில் காலித் தெருவில் ஓடிப் பார்த்தேன். தை பிறந்தபோது கால் நீண்டுவிட்டது. ஆத்தாவிடம் ஒரே நாளில் கேட்டேன். அவள் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டாள். புழுவை எடுப்பதுபோல, விடுகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக.

பங்குனி வந்தது. பந்தயத்தன்று காலையில் ராமக்காவிடம் போய்க் கையை நீட்டினேன்.

"அக்கா, ஒரு காப்பு கட்டி விடுங்க."

"நான் என்ன பூசாரியா?"

"எங்க பூசாரி கட்ட மாட்டாரு. எல்லையத் தாண்டுறவன்."

உள்ளே போய்ப் பாவு நூலில் ஓர் இழை அறுத்து, மஞ்சள் அரைத்துத் தோய்த்து, கட்டிவிட்டார். முடிச்சுப் போடும்போது தெலுங்கில் என்னவோ முணுமுணுத்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "எங்க சாமிகிட்ட ஒங்க சாமிக்குச் சொல்லி அனுப்புனேன். போ" என்றார்.

கிளம்பும் இடத்தில் பர்மாவிலிருந்து திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவர் கான்வாஸ் பூட்ஸோடு நின்றார். என் கால் தழும்பைப் பார்த்து, "தம்பி, சாயத்தொட்டி வரைக்குமாச்சும் வருவியா?" என்றார். "அண்ணே, அங்கன உங்களுக்கும் கொஞ்சம் சாயம் மிச்சம் வைக்கிறேன்" என்றேன். கொட்டு அடித்தது.

முன்னே ஓடினவர்களை விட்டுவிட்டேன். வெயில் ஏறும்வரை பாவு தேய்க்கிற நடைக்கணக்கிலேயே காலை வைத்தேன். கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கூவினார்கள். வழியில் ஊருணி கண்டாலும் வாய் வைக்கவில்லை. புழு தண்ணீரில்தான் வருகிறது என்று டவுனில் ஒரு கம்பவுண்டர் சொல்லியிருந்தார். புளியமரத்தடியில் கையை முக்கினேன். மஞ்சள் காப்பு சிவப்பாகிவிட்டது. பட்டாளத்துக்காரர் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கொப்புளத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சாயம் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன்.

திருச்சுழி தேரடிக்கு மூன்றாவதாக வந்தேன். மாலையோடு நின்றார்கள். நான் நிற்கவில்லை. மேளக்காரர்களைச் சுற்றிக்கொண்டு நரிக்குடி ரோட்டில் ஓடினேன்.

"ஏலே! முடிஞ்சிருச்சுலே! நில்லுலே!" என்று பின்னால் கத்தினார்கள். "வெயிலு மண்டையில ஏறிருச்சு, பிடிங்கப்பா அவன!" என்று ஒருவர் சைக்கிளில் கொஞ்ச தூரம் துரத்தினார். "எனக்கு முடியலண்ணே, இன்னும் இருக்கு" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

ஊர் எல்லைக்கல் கண்ணில் பட்டபோது கால் இழுக்க ஆரம்பித்தது. பழைய இடம்தான். முழங்காலுக்குப் பின்னால் சுருண்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஊர் நின்றது. நான் ஓடி வருவதை யாரோ முன்னாலேயே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பூசாரி மாமா நடுவில் நின்றார். நான் நொண்டினேன். எல்லாரும் பார்த்தார்கள். "ஆத்தா, வாசல்னு சொன்னேன், கல்லுனு சொல்லல" என்றேன். குதிங்காலை ஓங்கித் தரையில் ஊன்றினேன், பாவுத் தெருவில் ஊன்றியதுபோல. ஊன்றியது. நீண்டது. மாமா விலகினார். சுப்பையா மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாடா, வாடா" என்று என் பக்கத்திலேயே ஓடி வந்தார். நான் ஓடினேன். வாசல்வரை ஓடினேன்.

நிற்க முடியாமல் கோயில் சுவரில் கையை வைத்துச் சாய்ந்தேன். பூசாரி மாமா வந்து என் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இத யாருடா கட்டுனது?"

"அருப்புக்கோட்டையில பாவுக்கார அக்கா."

"அவுக கட்டுனத நான் எப்பிடிடா அவுக்க?"

"அப்ப கெடக்கட்டும் மாமா."

மாமா உள்ளே போய்த் திருநீறு கொண்டுவந்து, என் நெற்றியில் பூசாமல், குனிந்து முழங்காலில் பூசினார். காப்பை அக்காதான் அவிழ்த்தாள்.

அதற்குப் பிறகும் நான் அலைகிறவன்தான். பந்தயம் எங்கே வைத்தாலும் ஓடுகிறேன். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. வருஷம் தவறாமல் பங்குனிக்கு ஊர் வருகிறேன். எல்லையைத் தாண்டினவனும் தீச்சட்டி எடுக்கலாம் என்று மாமா இப்போது சொல்கிறார். ஊருணியில் காலை விடுகிறவர்களை நானே கத்தி விரட்டுகிறேன்.

நோயிலும் துன்பத்திலும் கிடக்கிறவர்களே, ஆத்தாவிடம் கேளுங்கள். பயந்து கேட்காதீர்கள். அவள் உங்களுக்குத் தந்ததை அவளுக்கே விலையாக வைத்துப் பேரம் பேசாதீர்கள். முழுதாகக் கேளுங்கள். கேட்ட பிறகு சும்மா படுத்திருக்காதீர்கள். நம்பிக்கை வராவிட்டால் எங்கள் ஊருக்கு வாருங்கள். அன்று நான் சாய்ந்த இடத்தில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அது மறுபடியும் வெளியே தெரிகிறது.