காத்து யார் பக்கம், கக்கா?

பல்தாவ் சௌராசியாவின் வெற்றிலைக் கடைக்கு எதிரே பதினெட்டு வருஷமாகத் தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவரிடம் எனக்குப் பிடிக்காதது நிறைய உண்டு. சுண்ணாம்பு விரலைத் தூணில் துடைப்பார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஆனால் பொய் சொல்ல மாட்டார். அதனால்தான் உத்தரப் பிரதேசத்து மஹோபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் ஒவ்வொருவராக அவர் காதோரம் குனிந்து, "காத்து யார் பக்கம், கக்கா?" என்று கேட்பார்கள். கக்கா என்றால் எங்கள் பேச்சில் சித்தப்பா.

எங்கள் ஊருக்கு ஒரு வியாதி. தோற்கப் போகிறவருக்கு முத்திரை குத்தினால் ஓட்டு வீணாகிவிட்டதாம். ஜெயிக்கப் போகிறவருக்குப் போட்டுவிட்டு, அப்புறம் ஐந்து வருஷம் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், மறைப்பானேன்.

போன தேர்தலில் தலைவர் பதவிக்கு இரண்டே பேர். ஒருவர் ரண்தீர் சிங். மூன்று ஜீப்பு, எல்லா மாடியிலும் அவர் கொடி. அவர் கட்டிய தண்ணீர்த் தொட்டியின் குழாய் அவருடைய தெருவோடு நின்றுவிட்டது. இன்னொருத்தி கேசர் அஹிர்வார், அடிபம்பு பழுதுபார்க்கிறவள். அவளுடைய குடியிருப்பில் பம்பு அடித்தால் துருத் தண்ணீர்தான் வரும். அந்தக் குழாயை அங்கே கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே நின்றாள்.

ஒரு நாள் காலை கடைக்குப் பக்கத்துப் பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தவள், "நம்ம காத்து எப்படி, கக்கா?" என்றாள்.

"உனக்குக் காத்தே இல்ல மகளே. ஒரு கொடிகூட இல்லியே."

நானும் சும்மா இருக்கவில்லை. "ஸ்பேனரத்தான் கொடியாக் கட்டணும்!" என்றேன்.

"கட்டுறேன் மாஸ்டர், நீங்க முதல்ல நான் போன வருஷம் குடுத்த ரவிக்கையத் தைங்க," என்று என் வாயை அடைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "போற வீட்டுலெல்லாம் ஒரே பேச்சுதான் கக்கா. 'மனசு உன் பக்கந்தான் அக்கா, ஆனா ஓட்ட வீணாக்க முடியாது'ங்கறாங்க. அப்படிச் சொல்றவங்க எத்தன பேருன்னு எவனாச்சும் எண்ணிப் பாத்தானா?"

பல்தாவ் கிள்ளிய வெற்றிலைக் காம்பைக் கீழே போடாமல் விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பீடா கட்டும்போது இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். வருகிறவர் முதலில் ரண்தீரைப் பற்றி விசாரித்தால், கிள்ளிய வெற்றிலைக் காம்பு ஒரு டப்பாவில். "கேசர் பக்கம் ஏதாச்சும் இருக்கா?" என்று ஆரம்பித்தால் இன்னொன்றில். சாயங்காலம் என் கடைக்கு வந்து துணி வெட்டும் பலகையில் காம்புகளைக் கொட்டினார்.

"எண்ணு மாஸ்டர்."

ரண்தீருக்குப் பதினொன்று. கேசருக்கு நாற்பத்து மூன்று. திரும்ப எண்ணினேன். அதே நாற்பத்து மூன்று.

"முக்காவாசிப் பேரு அவளத்தான் முதல்ல கேட்டிருக்காங்க," என்றார் பல்தாவ். "நான் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிச் சொல்லியே அனுப்பிட்டேன். காத்து எங்கயும் வீசலய்யா. இங்க உக்காந்து நாந்தான் ஊதிக்கிட்டிருந்தேன்."

மறுநாளிலிருந்து யார் வந்து கேசரைப் பற்றிக் கேட்டாலும் அவர் ஜோசியம் சொல்லவில்லை. "அவளப் பத்தி என்கிட்ட விசாரிச்சதுல நீ நாப்பத்தினாலாவது ஆளு," என்பார். அடுத்தவரிடம் நாற்பத்தைந்து என்பார். அவ்வளவுதான். கேட்டவர் வாயில் பீடாவை அடக்கியபடி, "அத்தன பேரா!" என்று நிற்பார். பிறகு நேரே பக்கத்து வீட்டுக்காரரிடம் போவார். ரண்தீரின் ஆள் ஒருவன் வந்து, "கடை இருக்கணுமா வேணாமா?" என்று மிரட்டினான். "நீ எதைக் கேட்டாலும் கணக்கு அதேதான் தம்பி. உனக்கு ஜர்தாப் புகையில போடவா?" என்றார்.

அப்படியும் மாடியில் ஒரு கொடி மாறவில்லை. ஓட்டுப் போடும் நாள் வரைக்கும் ஜீப்புச் சத்தம்தான். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஓட்டு எண்ணும் இடத்துக்கு ரண்தீர் தரப்பு மேளத்தோடும் இரண்டு கூடைச் சாமந்தி மாலையோடும் வந்தது. கேசர் தரப்பில் அவள், அவள் புருஷன், பல்தாவ், நான். மதியத்துக்கு மேல் அதிகாரி வெளியே வந்து படித்தார். ரண்தீர் சிங் நானூற்று இரண்டு. கேசர் நானூற்று இருபத்தொன்று.

மேளக்காரன் யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் விழித்தான். பல்தாவ் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். ரண்தீர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், கேசர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, தப்பா எண்ணிட்டீங்க. இன்னொரு வாட்டி எண்ணுங்க."

"அம்மா, ஜெயிச்சது நீங்கதான்!"

"அதத்தான் சொல்றேன் ஐயா. எனக்கு ஏது அவ்வளவு பேரு?"