அட்ஜஸ்ட் யார் பண்ணுவது?

டெய்லர் சரஸ்வதியின் ஆள்காட்டி விரலில் மெஷின் ஊசி நகத்தைத் துளைத்து இறங்கி, உள்ளேயே முறிந்துவிட்டது. முதலிபாளையத்தில் நான் மெக்கானிக்காக இருந்த பனியன் கம்பெனியில், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய எக்ஸ்போர்ட் பரபரப்பில் நடந்தது இது. தையலை நம்பித்தான் அவள் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார்.

"கட்டுப் போட்டுட்டு வந்து உக்காரு கண்ணு. ஷிப்மெண்ட் நேரம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் ஊசிக்கடியில் போகாமல் காக்க ஒரு சின்னக் கம்பித் தடுப்பு உண்டு. நீடில் கார்டு என்போம். அது இருந்தால் நூல் கோக்க நேரமாகிறதாம், பீஸ் குறைகிறதாம். எல்லாவற்றையும் என் கையாலேயே கழற்றவைத்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வரும் நாளில் மட்டும் சாக்கு அவிழும். மாஸ்க்கும் அன்றைக்குத்தான் கொடுப்பார்கள். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் கார்டுகள் மறுபடி சாக்குக்குள் போய்விடும். என்ன அயோக்கியத்தனம்!

அட்ஜஸ்ட் என்பது என் தொழிலில் புழங்கும் சொல். அடியில் நூலைக் கொக்கி போட்டு வாங்கும் லூப்பரை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, உரசாமலும் விலகாமலும் நிறுத்தினால்தான் தையல் விழும். தேவைப்பட்டால் ஊசியையும் ஏற்றி இறக்க வேண்டும். பிற்பாடு ஓர் அகராதியில் தேடிப் பார்த்தேன். லத்தீனில் 'பக்கத்தில்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வினையாம். பக்கத்தில் கொண்டுவருவதுதான் பழைய பொருள். நியாயத்தைக் குறிக்கும் 'ஜஸ்ட்' என்ற சொல்லோடு இடையில் அதைக் குழப்பிக்கொண்டார்களாம். எங்கள் கம்பெனியில் நியாயமே கிடையாது என்பதால் அந்தக் குழப்பத்துக்கு வேலையே இல்லை. பாத்ரூம் போக வேண்டுமா, அட்ஜஸ்ட் பண்ணு. காய்ச்சலா, அட்ஜஸ்ட் பண்ணு. மேனேஜர் மட்டும் ஒரு நாளும் எதையும் அட்ஜஸ்ட் பண்ணி நான் பார்த்ததில்லை.

விரல் ஆறி சரஸ்வதி திரும்பி வந்த வாரமே ஆடிட்டும் வந்தது. கார்டெல்லாம் மாட்டினேன். ஆடிட்டர் போனதும் மேனேஜர் வந்தார்.

"ஏனுங்க மெக்கானிக், எல்லாத்தையும் கழட்டிப் போடுங்க."

"இனி என் கையால கழட்ட மாட்டனுங்க."

"அட, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கன்னா!"

ஸ்குரூடிரைவரை அவர் கையில் கொடுத்தேன். ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. நேரே சரஸ்வதியின் மெஷினுக்குப் போனார். அவள் எழுந்து ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"கழட்டிக்கங்க சார். கழட்டிப்போட்டு நீங்களே உக்காந்து ஒரு பீஸ் தெச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் தெக்கறனுங்க."

லைன் முழுக்க மெஷின்கள் நின்றுவிட்டன. மேனேஜர் ஊசியைப் பார்த்தார். அவளுடைய கோணல் நகத்தைப் பார்த்தார். ஸ்குரூடிரைவரை மெஷின் மேல் வைத்துவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டார். அன்று ஒரு கார்டும் கழலவில்லை.

அடுத்த மாதம் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் வருத்தப்படவில்லை, கோபம்தான் இன்னும் ஆறவில்லை. வேலைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். யாராவது அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னால், "நீங்க உங்க பக்கமிருந்து எவ்வளவு தூரம் இறங்கி வர்றீங்க?" என்று முதலில் கேளுங்கள். கேட்டதற்காக வேலை போனாலும் போகட்டும், பத்து விரலும் மிஞ்சும்.