நோரா ஏற்றிவைத்த சுருதி

மயிலாப்பூர்ப் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் ஆர்மோனியம் வாசித்தவள் நோரா டீச்சர். கோபம் வந்தால் அவளுக்கு லேசில் ஆறாது. நாற்பத்துநாலாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவள் போட்ட மெட்டை, பாடகர் குழுத் தலைவர் ராஜநாயகம் தன்னுடையது என்று சொல்லிச் சால்வை வாங்கிக்கொண்டார். கேட்கப் போனவளிடம், "பொம்பளைக்கு இன்னாத்துக்கும்மா பேரு? ஆண்டவருக்குத்தானே பாட்டு?" என்றார். பாட்டு ஆண்டவருக்கென்றால் சால்வை மட்டும் இவர் தோளுக்கு எப்படி வந்ததாம்? நோரா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் யுத்தம் முடிந்தது. ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த பல தேசத்துச் சிப்பாய்களுக்காக அடையாற்றில் ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். நாட்டுக்கு ஒரு பாட்டு. தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே கை தட்டக் கூடாது. பலத்த கைத்தட்டல் யாருக்கோ அவருக்கு வெள்ளிக் கோப்பை. நம் பக்கத்துக்கு ராஜநாயகம். மெட்டு? வேறென்ன, நோராவுடையதுதான்! ஆர்மோனியம் வாசிக்கவும் அவளைத்தான் கூட்டிப்போனார்.

திருடியதையாவது ஒழுங்காகத் திருடினாரா மனுஷர்? பல்லவி முடிவில் இரண்டு தட்டுக்கு அவள் சும்மா விட்டிருந்தாள், கேட்பவர்கள் கை தட்டட்டும் என்று. பாஷை தெரியாதவனையும் பாட்டுக்குள் இழுப்பது அந்த இடம்தான். அதைப் போய்ச் சங்கதி சங்கதியாகப் போட்டு அடைத்துவிட்டார்.

மேடையில் கண்ணை மூடிக்கொண்டு சுருதிக்குக் காத்திருந்தார். ஒத்திகையில் வைத்ததைவிட இரண்டு கட்டை ஏற்றி வைத்தாள் நோரா. ஆர்மோனியம் நிற்கிற இடத்தில்தானே பாடுகிறவரும் நின்றாக வேண்டும்? பல்லவியை எப்படியோ சமாளித்தார். மேலே போனதும் குரல் கிறீச்சிட்டு உடைந்தது. சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நோராவுக்கு வயிறு குளிர்ந்தது.

பிறகு கட்டையை இறக்கித் தானே பாடினாள். அந்த இரண்டு தட்டுக்குச் சும்மா விட்டாள். முன்வரிசையில் ஓர் ஆப்பிரிக்கச் சிப்பாய் தட்டினான். மறுமுறை கூடமே தட்டியது. அதற்கடுத்த முறை பூட்ஸ் காலால் தரையையும் உதைத்தார்கள்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, இது யார் போட்ட மெட்டு என்று வெள்ளைக்கார அதிகாரி கேட்டார். ராஜநாயகம் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

"என்னுது," என்றாள் நோரா.

மேடையை விட்டு இறங்கும்போது ஒரு பொட்டலத்தை எடுத்து ராஜநாயகத்தின் கையில் வைத்தாள்.

"தொண்டை கட்டிக்கினுச்சா மாஸ்டர்? பனங்கல்கண்டு. காத்தாலயே வாங்கி வச்சிட்டேன்."