மரகதத்துக்கு நான் வைத்த விளக்கு

நான்கு வருடங்களுக்கு முன், நம் ஆடியில் வரும் கர்க்கடக மாதத்து மழை நாளொன்றில், திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது இது. அந்த மேஜையில் நாங்கள் சாப்பிட்டதே குறைவு. கிழக்கேகோட்டை நகைக்கடைகளுக்குப் படம் பிடித்துக் கொடுத்துவந்த என் மகளின் ஸ்டுடியோ அதுதான். ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டி வெளிச்சத்தை மென்மையாக்குவாள். எதிர்ப்பக்கம் தெர்மோகோல் அட்டையை நிறுத்தி நிழலைக் குறைப்பாள். நீலச் சட்டையோடு நான் அருகே போனால் விரட்டுவாள். தங்கத்தில் நீலம் தெரிகிறதாம். படித்த பெண் வேலைக்குப் போகாமல் கல்லுக்கு வெயில் காட்டிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு ஓயாத கவலை. இப்போது நினைத்தால் அந்த நாட்கள்தான் இனிக்கின்றன.

அன்று மேஜையில் இருந்தது ஒரு மரகத மோதிரம். விலை உயர்ந்த கற்களை அவளை நம்பிக் கொடுத்தவர் ஒரே ஒரு கடைக்கார அண்ணாச்சிதான். நான்கு மணிக்கு அவர் வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு. மழை இருட்டில் ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. வானம் கொஞ்சம் வெளுக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மகள் கேமராவுக்கு பேட்டரி வாங்கப் போனாள். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. பரணில் கிடந்த ஹாலோஜன் விளக்கை எடுத்து, மோதிரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் போட்டேன். கல் ஜொலித்தது. அவள் வந்ததும் படம் எடுத்துவிடலாம் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அரை மணி கழித்து வந்தவள் விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கல்லுக்குள் சிலந்தி வலைபோல வெள்ளைக் கீறல்கள். வாசலில் அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“என் தப்பு அண்ணாச்சி. சூடு விளக்கைக் கிட்ட வச்சிட்டேன்.”

அவர் ஜன்னலோரம் போய் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். மரகதத்தில் கீறல் இயல்பாகவே இருக்குமாம். அது தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்களாம். சூட்டில் அது கசிந்துவிட்டதாம். மறுபடி ஏற்றிவிடலாம் என்றார்.

“சாரமில்ல மோளே, போகட்டும். பச்சைக்கல்லுக்குச் சூடு ஆகாது, ஓர்மை வச்சுக்கோ.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்த வீட்டுல ஜன்னலத் தவிர வேற விளக்க நான் பார்த்ததே இல்லையே. சார் ஏன் இப்படி வேர்க்கிறீங்க?”

“புழுக்கம்” என்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் சிரித்தபடி போய்விட்டார். பத்து நாளில் கல் பழையபடியாகி, அதே மோதிரம் படம் எடுக்க அவளிடமே திரும்பி வந்தது. உண்மையை நான் அவரிடம் அப்போதும் சொல்லவில்லை. மகளும் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று அவள் பெங்களூரில் சொந்தமாக ஸ்டுடியோ நடத்துகிறாள். மேஜையில் நானும் மனைவியும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம்.

இவள் எப்படித் தனியாக நிற்கப்போகிறாளோ என்று பயந்தே பல வருடங்களைக் கழித்தவன் நான். அன்று நிமிர்ந்து நின்றது அவள், அவள் சொன்ன பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டது நான்.